எல்லாரும் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்

மின்விசிறியை நிறுத்தினால்தான் கரித்துண்டு காகிதத்தில் உரசும் சத்தம் கேட்கும். காற்றில் கரித்தூள் பறந்து படத்தைக் கெடுத்துவிடும் என்பதால், அந்தக் கோடை முழுவதும் வியர்வை வழிய, அந்தக் கீச்சொலியை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு விருத்தாசலத்து வாடகை வீட்டில் வரைந்துகொண்டிருந்தேன்.

மஸ்கட்டில் படித்துக்கொண்டிருந்தவள் நான். அப்பாவின் கம்பெனி குடும்பத்துக்குக் கொடுத்த படியை நிறுத்தியதும், அவர் அங்கேயே தங்கிக்கொண்டு அம்மாவையும் என்னையும் ஊருக்கு அனுப்பிவிட்டார். மஸ்கட் பள்ளியின் கடைசி ஆண்டைக் கணினி வழியாக முடிக்க அனுமதி கிடைத்தது. அதில் உயர்நிலை ஓவியப் பாடத்துக்குத் தேர்வு கிடையாது. ஒரே கருவில் வரைந்த படங்களின் தொகுப்பை அனுப்ப வேண்டும். பிறகு பெற்றோர் பார்ப்பதற்காக அவற்றைப் பள்ளியில் மாட்டிவைப்பார்கள்.

‘இந்த ஊர் மனிதர்கள்’ என்று கரு எடுத்தேன். ஆனால் ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. தெருவில் ‘மஸ்கட்டுப் பொண்ணு’ என்பார்கள், அதோடு சரி. பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து, பீங்கான் கம்பெனி வேலை முடிந்து கூந்தலில் வெள்ளைத்தூளோடு வரும் பெண்களையும், ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருப்பவர்களையும் அவர்களுக்குத் தெரியாமல் வரைந்தேன்.

திரையில் அவற்றைப் பார்த்த ஓவிய ஆசிரியை, “நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் திரும்பி உட்கார்ந்திருக்காங்களே. ஒருத்தர்கூட உன்னைப் பார்க்கலையா?” என்றார்.

அடுப்படியிலிருந்து அதைக் கேட்ட அம்மா, “என்னய வரையேன், சும்மாதான இருக்கேன்” என்று ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தார். தினமும் சாயங்காலம் உட்கார்ந்தார். முதல் நாள் பவுடர் பூசி வந்தவர், பிறகு அதை மறந்தார். ஒருநாள் என்னைப் பார்த்தபடியே, “அங்க இருந்தப்போ பக்கத்து வூட்டுல பேச ஆளு இருந்துச்சு. இங்க ஒங்கப்பா போனுதான். அதுலயும் நல்லா இருக்கோம்னு மட்டும்தான் சொல்றேன்” என்றார். என்னைப் போலவே அவரும் பேச ஆளில்லாமல் இருந்திருக்கிறார் என்பது அதுவரை எனக்குத் தோன்றவில்லை. கை மட்டும் வரைந்துகொண்டிருந்தது.

முடித்துக் காட்டியபோது வெகுநேரம் பார்த்தார்.

“இத அனுப்பாத. ஒங்கப்பா பாத்தா தாங்க மாட்டாரு.”

அதுதான் தொகுப்பிலேயே நல்ல படம், அதில் ஒரே முகமும் அதுதான். ஆனாலும் எடுத்து வைத்துவிட்டேன். கூரியருக்குக் கட்டும் நாளில் அம்மாவே அதைக் கொண்டுவந்து மேலே வைத்தார். “அனுப்பு. பாக்கட்டும்.”

மதிப்பெண் நன்றாகவே வந்தது. பள்ளியில் படங்களை மாட்டிய அன்று, போய்ப் பார்த்துவிட்டு அப்பா போன் செய்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அம்மாகிட்ட குடும்மா” என்றார், அவ்வளவுதான். அம்மா கொல்லைப்பக்கம் போய் இருட்டும்வரை பேசினார். அடுத்த பொங்கலுக்குள் அப்பா வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

இப்போது நான் சென்னையில் தனியாக இருக்கிறேன். ஊருக்குப் போனால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அப்பா வந்தபிறகு, அம்மா அப்படி என் எதிரே உட்கார்ந்து ஒருநாளும் பேசியதில்லை. மற்ற படங்களெல்லாம் அப்பாவின் பெட்டியில் திரும்பி வந்தன. அம்மாவின் படம் மட்டும் வரவில்லை. அது எங்கே என்று அப்பா சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.