ரோட்டில் பரப்பிய உளுந்து

புறவழிச்சாலை வந்தபின் ராஜபாளையத்துப் பழைய நெடுஞ்சாலையை என்ன செய்யலாமென்று மண்டபத்தில் கருத்துக் கேட்டார்கள். பாதியைப் பூங்காவாக்கலாம் என்றார் ஒருவர். பக்கத்து நாற்காலிக்காரரின் சாக்கிலிருந்து உளுந்துத் தூசி வாசம் வந்தது. தும்மினேன்.

எனக்கு எட்டு வயதாக இருந்த காலம் நினைவுக்கு வந்தது. அம்மா உளுந்துச் செடிகளை அந்த ரோட்டில்தான் பரப்புவாள். அதன்மேல் பஸ் ஏறினால் நெற்று உடைந்து மணி உதிரும். ஒதுங்கிப் போகும் டிரைவர்களைத் திட்டித் தீர்ப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்காரர் மட்டும் வேகத்தைக் குறைத்து, "யக்கா, பெரட்டிப் போட்டு வையிங்க, திரும்பி வாரப்ப இன்னொருக்க ஏத்துதேன்" என்பார்.

'இச்சாலை உங்களுக்கு எதற்குத் தேவை?' என்று மண்டபத்தில் கொடுத்த படிவத்தில் இருந்தது. 'உளுந்து அடிக்க' என்று எழுதி நீட்டினேன். வாசித்த அதிகாரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்ல கொள்ளு சார்."