சோப்புப் போடாத குளியல்

எழுபதுகளில் மழை பொய்த்த ஒரு கோடை. அடையாறில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரே கிணறு. "குடிக்க, குளிக்க மட்டும்தான் தண்ணி. செடிக்கு ஒரு சொட்டு ஊத்தக் கூடாது" என்று வீட்டுக்கார அம்மாள் சொல்லிவிட்டார்.

பின்கட்டு அறையில் இருந்தவர் தி. நகர் ஜவுளிக்கடை விற்பனையாளர். ஒல்லி, எப்போதும் குனிந்த தலை. கிணற்றடியில் ஒரு தொட்டியில் 'சொர்க்கப் பறவை' என்கிற பூச்செடி வைத்திருந்தார். அதை ஒட்டி நின்றுதான் குளிப்பார். தோளில் ஊற்றுகிற தண்ணீரில் பாதி தொட்டியில் விழும். அவருடைய சோப்பு மட்டும் நனைவதே இல்லை.

"சோப்பு போட மாட்டீங்களா சார்?" என்று கேட்டேன்.

"செடிக்கு ஆகாது சார்" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லிராதீங்க. மூணு வருசமா பூக்குமான்னு பாக்கேன்."

ஆடியில் பூத்தது. ஆரஞ்சுக் கொண்டையும் நீல நாக்குமாக ஒரு பறவை தலை தூக்கியதுபோல் இருந்தது.

வீட்டுக்கார அம்மாள் அசந்துபோனார். "தண்ணியே இல்லாம எப்படிப்பா பூத்துது?"

பின்கட்டுக்காரர் முகம் வெளிறிவிட்டது. பூவை வெட்டி அம்மாளிடம் நீட்டி, "உங்க தண்ணிதாம்மா" என்றார்.

"என்ன பணிவு பாருங்கோ!" என்று என்னிடம் சிரித்துவிட்டு, அம்மாள் பூவோடு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து மழை வரும்வரை பின்கட்டுக்காரர் எங்கள் கிணற்றில் குளிக்கவில்லை. எங்கே குளித்தாரோ, இன்றும் எனக்குத் தெரியாது.