திவசத்துக்கு வந்த கிழங்கு

எழுபதுகளில், கடல் கடந்து வந்து நாங்கள் குடியிருந்த ஹோம்புஷில் காய் வாங்கப் போனாலே எனக்குக் கோபம்தான் வரும். கடை நிறையக் காய்கறி இருக்கும். நமக்கு வேண்டியது ஒன்றும் இருக்காது. சாதாரண நாளில் முட்டைக்கோஸைப் பொரியல் செய்து காலத்தை ஓட்டிவிடலாம். அந்த வாரமோ என் மாமியாரின் முதல் வருஷத் திவசம்.

அவர் போனதாகத் தந்தி வந்தபோது என் கணவரால் ஊருக்குப் போக முடியவில்லை. அழவும் இல்லை, மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். திவசத்தையாவது குறையில்லாமல் செய்ய வேண்டும் என்பதே பேச்சு. கூடவே ஒரு பயம்.

"அம்மா சமுத்திரம் தாண்டி இவ்வளவு தூரம் வருவாளோ?"

"ஏன்னா, பிள்ளை கூப்பிட்டா வராம இருப்பாளா?" என்பேன். உள்ளுக்குள் எனக்கும் நிச்சயமில்லை.

ஊரிலிருந்து அவருடைய அண்ணா கடிதத்தில் பட்டியல் அனுப்பியிருந்தார். உருளைக்கிழங்கு கூடாது, தக்காளி கூடாது, மிளகாய் கூடவே கூடாது, காரத்துக்கு மிளகு. வாழைக்காய், பாகல், புடலை, சேனை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகலாம். நாலு கடை ஏறி இறங்கியதில் கிடைத்தது கடைசியில் சொன்னது மட்டும்தான். இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு, பெரிதாகச் சாதித்துவிட்டவள்போல் மாடி ஏறினேன்.

எதிர் ஃபிளாட்டில் பெரு நாட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். ஊரில் சரித்திர டீச்சர். இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் டப்பா அடைக்கும் வேலை. வாசலில் அவளைப் பார்த்ததும் என் அரைகுறை இங்கிலீஷில் பெருமையடித்தேன்: எங்கள் பெரியவர்கள் கெட்டிக்காரர்கள், இறந்தவர்களுக்குப் படைக்கும் சாப்பாட்டில் வெளிநாட்டுச் சரக்கை நுழையவே விடவில்லை.

"எதெல்லாம் கூடாது?" என்றாள்.

சொன்னேன். உருளை, தக்காளி, மிளகாய் மூன்றுக்கும் "எங்களுடையது" என்று விரல் மடக்கினாள். பிறகு பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து, "இதுவும்தான்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "போடி, இது எங்க ஊர்க் கிழங்கு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். புரியாவிட்டாலும் அவள் விடுவதாக இல்லை. வாசலிலேயே பாடம் ஆரம்பமாயிற்று. தன் நாட்டை ஒரு காலத்தில் ஆண்ட இன்காக்களை மட்டும்தான் உலகம் பேசுகிறது, அவர்கள் கடைசியில் வந்தவர்கள் என்று முதலில் அதற்கு ஒரு எரிச்சல். அவர்களுக்கு முன்பே மலையைப் படிக்கட்டுபோல் வெட்டி வயலாக்கியவர்கள் உண்டாம். உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்து, காலால் மிதித்துப் பிழிந்து, வெயிலில் காயவைத்தால் வருஷக்கணக்கில் கெடாதாம். எனக்கு எங்கள் வீட்டு வடாம் ஞாபகம் வந்தது. சர்க்கரைவள்ளியின் உருவத்திலேயே மண்பாண்டம் செய்து இறந்தவர்களோடு புதைத்தார்களாம். கிழங்கையும் கூடவே வைத்தார்களாம்.

"எதற்கு?" என்றேன்.

"போன இடத்தில் பசிக்குமே!"

அந்த ஒரு வார்த்தை போதும். சமைப்பது என்று முடிவு செய்தேன். கணவரிடம் சொன்னால் கிழங்கு குப்பைக்குப் போகும். தட்டில் வைக்க வேறு காயும் இல்லை. எனவே வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியமில்லை.

திவசம் நடந்தது. சாஸ்திரிகள் யாரும் கிடைக்கவில்லை. அண்ணா எழுதியனுப்பியதைப் பார்த்துப் பார்த்து இவரே மந்திரம் சொன்னார். மிளகு போட்ட கிழங்குக் கறி, ரசம், எள்ளுருண்டை எல்லாம் ஆயிற்று. கை கழுவிவிட்டு வந்து, "ஒரு குறையும் இல்லையே?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் வரவில்லை. எதிர் ஃபிளாட்டுக்காரி சொன்னது அத்தனையும் கொட்டிவிட்டேன்.

திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்பா திவசத்துக்கு அம்மா வருஷா வருஷம் இதைத்தானே பண்ணினா?"

"ஆமா."

"அப்போ இதுவும் சமுத்திரம் தாண்டி வந்ததுதானா?"

"ஆமான்னா. அங்கேருந்து நம்மாத்து அடுப்பு வரைக்கும் வந்திருக்கு."

"அப்போ அம்மாவும் வந்திருப்பா" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. தந்தி வந்த நாளிலிருந்து அழாதவர், மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அப்பாடா என்றும் இருந்தது.