உப்பளத்து ஊரில் மழைப்பாட்டு

“…கூப்பிட வேண்டாம்னு சொல்லலையே அண்ணாச்சி. தாராளமாக் கூப்பிடுங்க. ஒங்க ஊருக்குக் கூப்பிட்டுக்கங்க. எங்க ஊரு மேல வந்து எறங்கிறக் கூடாது, அம்புட்டுதான்” என்றார் விழாக் கமிட்டித் தலைவர்.

பேச்சு மழையைப் பற்றியது. அவருக்கு எதிரே கைலியும் பனியனுமாக உட்கார்ந்திருந்த அண்ணாச்சி எங்கள் நாடகக் கம்பெனியின் ராஜபார்ட். முந்தின நாள் ஒட்டிய மீசையின் பசை மூக்குக்குக் கீழே ஒரு பக்கம் இன்னும் போகவில்லை. பக்கத்தில் நான். நான் பபூன். நாடகத்தில் ராஜாவுக்குத் துணையாகப் போகிறவன் என்பதால் பஞ்சாயத்துக்கும் என்னையே கூட்டிப்போவார்.

கம்பெனி என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். ஒரு லோடு வண்டியின் பின்பக்கத்தில் அடங்கிவிடுவோம். ராஜபார்ட்டுக்குப் பரளச்சியில் டீக்கடை. ஆர்மோனியக்காரருக்குத் திருச்சுழியில் செல்போன் ரீசார்ஜ் கடை. நான் அருப்புக்கோட்டையில் பவர்லூம் ஓட்டுகிறேன். எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகள் எல்லாம் பங்குனி, சித்திரையில்தான். மார்கழியில் எங்களை யாரும் தேடமாட்டார்கள். அப்படி இருக்கையில் சாயல்குடியைத் தாண்டி ஒரு கடற்கரை ஊரிலிருந்து, ஒரு வாரம் நாடகம் போட வாருங்கள் என்று போன் வந்தது. ஊர் எல்லையில் பேனர் கட்டியிருந்தார்கள்: ‘குளிர்கால நாடக விழா.’ எங்களுக்குக் குளிர்காலம் என்றால் ஃபேனை அஞ்சிலிருந்து மூன்றுக்குக் குறைக்கிற காலம். இருந்தாலும் மரியாதைக்காக எல்லோரும் மப்ளர் கட்டிக்கொண்டோம்.

தலைவருக்கு அந்த ஊரில் உப்பளமும் இருந்தது, கடலைப் பார்த்த மாதிரி புதிதாகக் கட்டிய லாட்ஜும் இருந்தது. நாடகம் நடந்தால் வெளியூர்க்காரர்கள் வந்து குவிவார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் ஒரு காரில் ஒரு குடும்பம் வந்தது. ராமேஸ்வரத்துக்கு வழி கேட்டுவிட்டுப் போனது.

வண்டி ஊருக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் வெயிலில் மின்னியது. ஆர்மோனியக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “இம்புட்டுத் தண்ணியத் தேக்கி வச்சுக்கிட்டு நெல்லு போடாம கெடக்காகளே, சோம்பேறிப் பயலுக” என்றார். நாங்களும் ஆமாம் என்று தலையாட்டினோம். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. எங்களுக்கு அது விளங்கத்தான் ஒரு ராத்திரி ஆனது.

எங்கள் நாடகத்தின் கதை சின்னது. நாட்டில் மழை இல்லை. ராஜா கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, முட்டி போட்டு வானத்தைப் பார்த்துப் பாடுவார். ‘கருத்த மேகமே, கொஞ்சம் கீழே எறங்கு’ என்று தொடங்கும். பாட்டு முடியும்போது பக்கத்துப் படுதாவுக்குப் பின்னாலிருந்து எங்கள் ஆள் ஒருவர் தண்ணீர் அடிப்பார். பருத்திக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர்தான் எங்கள் வானம். எத்தனை தடவை கழுவினாலும் கொஞ்சம் மருந்து வாடை இருக்கும். எங்கள் பக்கத்தில் அந்த வாடைக்கே கண் கலங்குவார்கள். முன்வரிசைக்காரர்கள் கையை நீட்டி அந்தத் துளியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

ராஜபார்ட் அண்ணனுக்கு ‘மழை ராஜா’ என்று பெயரே உண்டு. பெயர்தான் உண்டு, மழை வந்ததாகத் தகவல் இல்லை. மறுநாள் டீக்கடையில், “என்னண்ணே, நேத்து அந்தக் கத்து கத்துனீக, ஒரு தூத்தலக் காணுமே” என்று ஓட்டுப்போட்டு ஏமாந்தவர்கள் மாதிரி கேட்பார்கள். அவர் டீயை இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து ஆற்றுவார்.

உப்பளத்து ஊரிலும் முதல் நாள் அப்படியே பாடினார். கூட்டம் மூச்சுக் காட்டாமல் இருந்தது. சொக்கிப்போய்விட்டார்கள் என்று நான் நினைத்தேன். ஸ்பிரேயர் தண்ணீர் விழுந்ததும் முன்வரிசை முழுக்க நாற்காலியோடு பின்னால் நகர்ந்தது. உப்பளத்தில் வேலை பார்க்கிற அக்கா ஒருத்தி எழுந்து நின்றாள். “ஏன் ராசா, மழைத்தண்ணிய எறச்சு, பாத்தி மிதிச்சு, இப்பத்தான் கடத்தண்ணியப் பாய்ச்சி வச்சிருக்கோம். நாங்க காயவச்சு உப்பாக்குறோம், நீங்க மெனக்கெட்டு வண்டி புடிச்சு வந்து கரைக்கிறீகளே” என்றாள். ஊரே அவள் பக்கம் நின்றது.

விடிந்து பார்த்தால் கடல் மேல் மேகம், ஆட்டுக்கிடை போட்ட மாதிரி கறுப்பாகக் கிடக்கிறது. அதற்குத்தான் இந்தப் பஞ்சாயத்து.

“எனக்கு இதுல நம்பிக்கை கெடையாது அண்ணாச்சி” என்றார் தலைவர். “பாட்டுப் பாடி மழை வரும்னா, வானிலை ஆபீஸுல ஆர்மோனியம் வாங்கிப் போட்டிருப்பாங்க. ஆனா…” என்று ஜன்னலைக் காட்டினார். “பாட்ட எடுத்துருங்க. இல்லைன்னா இன்னைக்கே வண்டி ஏறிக்கங்க.”

அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமும் இருந்தது, ஒளித்து வைத்த சந்தோஷமும் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் பாடினால் மழை வரும் என்று நிஜமாகவே நம்பின முதல் ஊர் இது. அந்த ஊர்தான் வேண்டாம் என்கிறது.

“பாட்ட எடுத்துட்டா நான் என்ன ராஜா தலைவரே? மீசை ஒட்டுன டீக்கடைக்காரன்” என்றார். பிறகு என்னிடம், “மூட்டையக் கட்டச் சொல்லுலே” என்றார்.

அவர் சொன்னால் கட்டிவிடுவார். அந்தப் பாட்டில்லாமல் அவர் எந்த மேடையிலும் ஏறியது கிடையாது, இனிமேல் ஏறுவார் என்றும் தோன்றவில்லை. நான்தான் தலைவர் முதலில் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, பாட்ட எடுக்க வேண்டாம். அட்ரஸ் சேத்துப் பாடுங்க. அவுகதான் நம்ம ஊருக்குக் கூப்பிடச் சொல்றாகள்ல?”

அண்ணன் வெகுநேரம் மீசைப் பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். “பாடிப் பாக்கேன். வாயில வரலைன்னா நடு மேடையில எந்திரிச்சுருவேன்” என்றார்.

மத்தியானம் உட்கார்ந்து பாட்டை மாற்றினோம். மேகம் இந்த ஊரைத் தொடாமல் சாயல்குடியைத் தாண்டி, பரளச்சியில் நின்று, ரெட்டியபட்டியில் நின்று, அருப்புக்கோட்டையில் இறங்க வேண்டும். ஆர்மோனியக்காரர் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார். “திருச்சுழி போகாதா? பைபாஸா?” என்றார். அவருக்காகத் திருச்சுழிக்குத் தனியாக ஒரு சின்ன மேகம் பிரித்துவிட்ட பிறகுதான் சுருதி கிடைத்தது.

அன்று பொழுது சாயும்போதே நாடகம் தொடங்கியது. முன்வரிசையில் தலைவர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து, மேடையைப் பார்ப்பதைவிட வானத்தையே அதிகம் பார்த்தார். என் சிரிப்பெல்லாம் வீணாய்ப் போனது. கிரீடத்தைத் தரையில் வைத்து அண்ணன் முட்டி போட்டார். ஆர்மோனியம் ஒரு சுற்று வாசித்து நின்றது. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு சுற்று. எழுந்துவிடுவாரோ என்று படுதா ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். பிறகு மெதுவாக வந்தது பாட்டு.

‘கருத்த மேகமே, இங்க எறங்காதே.’

கூட்டத்தில் யாரோ ‘ஆமா’ என்றார்கள். பரளச்சி என்ற பெயர் வந்ததும் அண்ணனுடைய குரல் உடைந்தது. நடிப்பில்லை அது. காய்ந்து கிடக்கிற அந்தக் காடுகரையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அவர் அதுவரை பாடினதே இல்லை. முந்தின நாள் சண்டைக்கு வந்த அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோழியை விரட்டுகிற மாதிரி வானத்தைப் பார்த்து, “போ சாமி, அவுக ஊருக்குப் போ” என்று கையை வீசினாள். வரிசை வரிசையாக எல்லோரும் வீசினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள்கூட எங்களுக்காக இப்படிக் கேட்டதில்லை.

பாட்டு முடியப்போகிறது. எங்கள் ஆள் பழக்க தோஷத்தில் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிப் பம்பு அடிக்கத் தொடங்கினார். அந்தச் சத்தம் கேட்டதும் தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார். “பாட்டுல போகச் சொல்லிட்டு இங்கன அடிக்கிறீகளே, மேகம் எதை நம்பும்?” என்றார். எங்கள் ஆளின் தோளிலிருந்து ஸ்பிரேயரைக் கழற்றித் தன் வெள்ளைச் சட்டை மேல் மாட்டிக்கொண்டார். மேடைக்கு முதுகைக் காட்டி, பரளச்சி எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டு, நான் கை காட்டிய திசையில் குழாயைத் தூக்கிப் பிடித்து, டேங்கில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அடித்தார்.