எதையும் தாங்காத தூண்

புருனோ ம்ரோசெக்கை எனக்குப் பதினெட்டு வருடம் தெரியும். அவனைப் புகழ்ந்து எழுத எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. சிடுமூஞ்சி. வேலை இடத்தில் பாரம் தூக்க யார் கூப்பிட்டாலும் காது கேளாதவன்போல வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொள்வான். மதியத்தில் ஈரல் சாசேஜும் பச்சை வெங்காயமும் வைத்த ரொட்டியைத் தனியாக உட்கார்ந்து தின்பான். ஆனால் அவன் வெல்டிங் வைத்த இடம் விட்டுப்போய் நான் பார்த்ததில்லை. அவனைப் பற்றி அவ்வளவுதான் சொல்வதற்கு இருந்தது, 1953 வரை.

அந்த வருடம் சிகாகோவின் ஏரிக்கரையில் இருபத்தாறு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை நான் ஓட்டினேன். கட்டடத்தை வடிவமைத்த வரைபட அலுவலகத்திலிருந்து பிரெஸ்காட் என்ற இளைஞர் தினமும் வருவார். வெள்ளைச் சட்டை, மெல்லிய கறுப்பு டை. கூண்டில் ஏறும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு பிரசங்கம் உண்டு. பழைய கட்டடங்கள் கல்லையும் பூவேலையையும் போர்த்திக்கொண்டு பொய் சொல்லின. இந்தக் கட்டடம் தன் எலும்பை அப்படியே வெளியே காட்டுகிறது. இது உண்மையால் கட்டப்படுகிறது. இப்படி.

எலும்பு எங்கே இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். தீ பிடித்தால் இரும்பு இளகிவிடும் என்பதால் நகரச் சட்டப்படி ஒவ்வொரு தூணையும் கான்கிரீட்டில் புதைத்துவிட்டோம். புதைத்ததன் மேல் ஓர் இரும்புத் தகடு. தகட்டின் மேல், வெளிப்பக்கமாக, தூண் மாதிரியே இரண்டு விளிம்பு வைத்த இன்னொரு நீள இரும்பு. ஜன்னல்களுக்கு நடுவே வருகிறவை கண்ணாடிச் சட்டத்தைக் காற்றில் வளையாமலாவது பிடித்துக்கொண்டன. தூணுக்கு முன்னால் நின்றவை எதையும் பிடிக்கவில்லை. தூணைப் புதைத்துவிட்டு அதன் சமாதி மேல் அதன் பொம்மையை நிறுத்தினோம். அதற்கு உண்மை என்று பெயர். ஏமாற்றுகிறவனை நான் சகித்துக்கொள்வேன். ஏமாற்றிக்கொண்டே நேர்மையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவனைப் பார்த்தால் எனக்குக் குமட்டும்.

இரும்பு வேலைக்காரர்களுக்கு ஏணி பிடிக்காது. ஒரு மாடி இறங்க வேண்டுமென்றால் தூணின் விளிம்பை இரு கையாலும் பற்றி, பூட்ஸை உள்ளே கொடுத்து, சறுக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கீழே இருநூறு அடி வெறும் காற்றாக இருந்தாலும் அப்படித்தான். யோசித்துச் செய்வதல்ல அது. அந்த வடிவ இரும்பு கையில் பட்டால் அது நிற்கும் என்பது அவர்கள் உடம்புக்குத் தெரியும். முப்பது வருடப் பாலங்களும் கட்டடங்களும் அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தன.

லெயோ பகுல்ஸ்கியும் அப்படிப்பட்டவன்தான். புருனோவுக்கு இருந்த ஒரே சிநேகிதன். ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, பத்தொன்பதாம் மாடியில் இருந்த ஏணியில் கான்கிரீட் ஆட்கள் வாளியோடு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். லெயோ பொறுக்காமல் ஓரத்துக்குப் போய், வெளியே தூணுக்கு முன்னால் நின்ற இரும்பைப் பற்றிச் சறுக்கினான். அது தகட்டிலிருந்து உரிந்து அவனோடு சேர்ந்து கீழே போயிற்று.

அந்த இரும்பை வைத்தவன் புருனோ. மேலே இரண்டு புள்ளி, கீழே இரண்டு புள்ளி, அவ்வளவுதான் வெல்டிங். அதற்கு மேல் வைக்கக் கூடாது என்பது உத்தரவு. பிரெஸ்காட், தெருவின் எதிர்ப்புறத்தில் தொலைநோக்கி வைத்துக்கொண்டு கோடு நேராகத் தெரிகிறதா என்று பார்த்துச் சரி சொன்ன பிறகே முழுதாகப் பற்றவைக்க வேண்டும். இரண்டு நாளாக அவருக்குத் திருப்தி இல்லை. பாரம் சுமக்கிற இரும்பாக இருந்தால் அன்றைக்கே முடுக்கியிருப்போம். அழகுக்கு நிற்கிற இரும்பு அவர் கண்ணுக்காகக் காத்திருந்தது.

மறுநாள் மேஸ்திரி டூலி புருனோவைத் தன் தகரக் கொட்டகைக்குக் கூப்பிட்டான். நானும் உடன் இருந்தேன். செவ்வாய்க்கிழமை மரண விசாரணை.

"லெயோ காலையில ரெண்டு பியர் குடிச்சிருந்தான்னு சொல்லிடு புருனோ. யாருக்கும் பாதகமில்ல."

"அவன் குடிக்கலயே."

"செத்தவன் வந்து இல்லன்னு சொல்லவா போறான்? அவன் குடிக்கலன்னா, அப்புறம் உன் வெல்டிங்தான் பேசப்படும். பாத்துக்கோ."

புருனோ தலையை ஆட்டினான். அதை மறைக்க நான் விரும்பவில்லை. அவன் ஆட்டினான்.

அன்று மாலை அவன் பிரெஸ்காட்டைத் தேடிப் போனான். கூடவே நானும் போனேன். அவனுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். அந்த இரும்பு, நமக்குத் தெரியாத ஏதோ ஒரு விதத்தில், எதையாவது தாங்குகிறது என்று படித்தவர் ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அப்போது லெயோ ஒரு வேலைக்காகச் செத்தவன் ஆகிவிடுவான்.

"சார், அது எதத் தாங்குது?"

பிரெஸ்காட் யோசித்தார். மனிதர் கெட்டவர் அல்ல. "பாரத்த சொல்றீங்கன்னா, எதையும் தாங்கல. வேணாம்னுகூட ஒரு தடவ பேச்சு வந்தது. எடுத்துட்டுப் பாத்தோம், சின்னதா செஞ்ச மாதிரிக் கட்டடத்துல. பாக்க ஒரு மாதிரி மொட்டையா இருந்தது."

புருனோ மணல் குவியலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். பிரெஸ்காட் தன் கைக்குட்டையை நீட்டினார். புருனோ அதைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் விசாரணையில் சொன்னதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: லெயோ குடிக்கவில்லை. புள்ளி வைத்தது நான். நாலு புள்ளிக்கு மேல் வைக்காதே என்றார்கள். அது எதையும் தாங்காத இரும்பு. பார்க்கத் தூண் மாதிரி இருந்ததால் அவன் தூண் என்று பிடித்தான். இதை அவன் டூலியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஜூரிகள் விபத்து என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். லெயோவின் பெயரில் சாராய வாடை ஒட்டவில்லை. கிடைத்தது அவ்வளவுதான்.

நானும் புருனோவும் வெளியே வந்தபோது படிக்கட்டில் லெயோவின் மனைவி வாண்டா நின்றிருந்தாள். நன்றி சொல்லவில்லை.

"அந்த எடத்துல இன்னொன்னு மாட்டுவாங்களா, புருனோ?"

"மாட்டுவாங்க."

"அதையும் நாலு புள்ளியில தொங்கவிட்டுட்டு, அந்த வெள்ளச் சட்டக்காரர் கண்ண சுருக்கிப் பாத்துட்டு நிப்பாரா? உங்க ஆளுங்க அதையும் புடிச்சு எறங்குவாங்களா?"

இறங்குவார்கள் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் புது இரும்பு வந்தது. விசாரணையில் அப்படிப் பேசியவனை டூலி ஏன் உடனே அனுப்பவில்லை என்று கேட்கலாம். அந்த உயரத்தில் வெல்டிங் வைக்க வேறு ஆள் அன்று இல்லை, அதுதான் காரணம். புருனோ காலை ஏழு மணிக்குத் தொங்குமேடையில் இறங்கினான். புள்ளி வைக்கவில்லை. அடியில் தொடங்கி, இரண்டு பக்கமும், ஓர் அங்குலம் விடாமல் உச்சிவரை பற்றவைத்தான். சாப்பிட ஏறவில்லை. டூலி மேலிருந்து இரண்டு முறை கத்திப் பார்த்தான். முகமூடி நிமிரவில்லை.

அத்தனை சூட்டைத் தகடு தாங்குமா? நெளிந்துவிட்டது. மூன்று மணிக்கு வெயில் சாய்ந்ததும் கட்டடத்தின் வழுவழுப்பான முகத்தில், அந்த ஓர் இடத்தில் மட்டும், அம்மைத் தழும்புபோல ஒரு சுருக்கம். பிரெஸ்காட் தெருவைக் கடந்து ஓடிவந்தார். அறுத்து எடுக்கச் சொன்னார். அறுத்தால் தகடு இன்னும் கோணும் என்று டூலி சொன்னான். அழகைக் கெடுத்துவிட்டானே என்று பிரெஸ்காட்டின் கண் உண்மையாகவே கலங்கியது. லெயோ விழுந்த அன்று அந்தக் கண்ணை நான் பார்த்திருந்தேன். அப்போது கலங்கவில்லை.

"கருவிய எடுத்துட்டுக் கெளம்பு. இனி ஏரிக்கரை பக்கமே ஒனக்கு வேல கிடையாது," என்றான் டூலி.

கூண்டில் அவனும் நானும் மட்டும் இறங்கினோம். அவன் கையெல்லாம் தீப்பொறி சுட்ட கொப்புளம். பத்தாம் மாடி தாண்டியதும் சொன்னான்.

"நீ அந்தப் பக்கமாத்தான வீட்டுக்குப் போவ? வாண்டாகிட்ட சொல்லிடு. எல்லா இரும்பையும் அப்படிப் பத்தவைக்க என்னால முடியல. அந்த ஒண்ணு நிக்கும்."

கீழே கதவைத் திறந்தேன். அவன் அண்ணாந்து பார்க்காமல் டிராம் நிறுத்தத்துக்கு நடந்தான்.