பாதி மாத்திரை

எனக்கு மூக்குமேல் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படிக்கிறவர்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டே பாதி தூரம் வந்துவிடுவார்கள்.

மரக்காணம் உப்பளத்தில் நானும் என் மனைவியும் கூலி வேலைக்குப் போனவர்கள். நான் பாத்தியில் உப்பு வாருவேன். அவள் அந்த ஈர உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து, வரப்பு வழியாக மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவாள். இருபது வருடத்துக்கு மேல் சுமந்தாள். ஒருநாள் கூடையை இறக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷன் பண்ணினாலும் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாதாம். அது நடந்து ஆறு வருடம் ஆகிறது. இடுப்பில் ஆரம்பித்து இடது கால் சுண்டுவிரல் வரைக்கும் இழுக்கும். சில நாள் எறும்பு ஊர்வதுபோல் என்பாள். சில நாள் பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விடுவதுபோல் என்பாள். வலிக்காத நாள் என்று ஒன்று கிடையாது.

வலியில் கிடப்பவரைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? இப்படி எழுதக் கூடாதுதான். முதல் இரண்டு வருடம் அவள் முனகினால் ஓடிப்போய் இடுப்பை நீவிவிடுவேன். பிறகு, "அதுக்கு நான் என்ன பண்றது?" என்று வாய்க்குள்ளேயே முணுமுணுக்கத் தொடங்கினேன். அவளுக்கும் அது கேட்டிருக்கும். மகளைக் கிளியனூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்தச் சமயத்தில்தான் நாய் வந்தது. உப்புக் குவியலை மூடியிருந்த தார்ப்பாய்க்கு அடியில் குட்டியாகக் கிடந்தது. செம்பட்டை நிறம், பொட்டை, ஒரு காது மடங்கியிருக்கும். சட்டைக்குள் போட்டுத் தூக்கிவந்தேன். "எனக்குப் பொங்கிப் போடவே ஆளக் காணோம், இது வேறயா?" என்று திட்டினாள். மூன்றாம் நாள் அதற்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் மேற்கொண்டு எழுத முடியாது.

காலையில் அவள் எழுந்து உட்கார அரை மணி நேரம் ஆகும். நாய் அவள் முதுகோடு ஒட்டிப் படுத்துச் சூடு கொடுக்கும். அவள் எழும்போது அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்வாள். அது நான்கு காலையும் ஊன்றி அசையாமல் நிற்கும். நான் பக்கத்தில் நின்று, "வேலைக்கு நேரமாவுது, சீக்கிரம்" என்று பறப்பேன். டாக்டர் நட, நட என்று தலைதலையாக அடித்துக்கொண்டும் நடக்காதவள், நாய்க்காகத் தெருமுனை வரைக்கும் நடந்தாள். "வாசப்படில நின்னு என்னியே பாக்குது மாமா. நான் என்ன பண்ணுவேன்?" என்பாள். அப்படிச் சொல்லும்போது சிரிப்பாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

எங்கள் உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வலி மாத்திரையை வெற்றிலை பாக்கு மாதிரி கைமாற்றிக்கொள்வோம். ஒவ்வொரு பெண்ணின் முந்தானை முடிச்சிலும் ஒன்றிரண்டு இருக்கும். யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், என்ன வலி, எதனால் வலி என்று கேள்வியெல்லாம் கிடையாது. "இந்தா, பாதி போடு" என்று பல்லால் கடித்து உடைத்து நீட்டுவார்கள். கொடுக்காதவளைக் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். வேலையை விட்ட பிறகும் என் மனைவி இந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்கென்று கொடுக்கும் மாத்திரை பாதி தெருவுக்கே போகும்.

போன வருடம் வெயில் காலத்தில் நாய் நொண்ட ஆரம்பித்தது. என்கூடப் பாத்திக்கு வந்து உப்புத் தண்ணீரில் நடந்து பாதம் வெடித்துவிட்டது என்று நினைத்தோம். எங்கள் கால்களும் அப்படித்தான் வெடிக்கும். தேங்காயெண்ணெய் தடவினோம். கேட்கவில்லை. பின்னங்காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்றது. அவளுக்கு மனசு தாங்கவில்லை. தன் மாத்திரையை உடைத்துப் பாதியைச் சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தாள். நாய் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பியது.

"மாமா, கொஞ்சம் வாயப் புடியேன்."

நான்தான் தாடையைப் பிரித்துப் பிடித்தேன். தொண்டையைத் தடவி விழுங்க வைத்ததும் நான்தான். மறுநாள் நொண்டல் குறைந்திருந்தது. "பாத்தியா!" என்றாள், குழந்தை மாதிரி. "நாய் டாக்டரே ஆயிட்ட போ" என்று கிண்டல் பண்ணினேன். அப்புறம் காலையில் பாதி, சாயங்காலம் பாதி. ஒவ்வொரு தடவையும் வாயைப் பிடித்தது நான். அந்த நாட்களில் அவளுக்குத் தன் பங்கு பற்றவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். ஏன்டி இப்படி என்றால், "எனக்குப் பழகிப்போச்சு மாமா. அதுக்குப் பழக்கமில்லல்ல" என்பாள்.

ஐந்தாம் நாள் நாய் சோறு தின்னவில்லை. ஆறாம் நாள் கறுப்பாகக் கழிந்தது. பிறகு ரத்த வாந்தி. கூடையில் சாக்கை விரித்துப் படுக்கவைத்து, பாண்டிக்கு ஆட்டோ பிடித்தேன். அவ்வளவு தூரம் குலுங்கினால் உன் இடுப்பு தாங்காது, வராதே என்றேன். அவள் எனக்கு முன்னால் வண்டியில் ஏறியிருந்தாள். பொம்மையார்பாளையம் தாண்டும்போது நாய் அவள் மடியில் வாந்தி எடுத்தது. அவள் புடவையைத் துடைக்கவே இல்லை, அதன் தலையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். நிற்க முடியாமல் என் மனைவி வெளியே கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"வலி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"நாயிக்கு எவம்மா மாத்திரை குடுப்பான்?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கோபப்படவில்லை. "மனுஷங்க போடுற வலி மாத்திரை நாய்ங்களுக்கு ஆகாதுங்க. வயிறு புண்ணாயிடும், கிட்னி போயிடும். தெரியாமத்தான் நெறைய பேரு குடுத்துடுறாங்க. அதனாலதான் கேக்குறேன்."

"குடுத்தோம்" என்றேன். எத்தனை நாள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். ஒரு மணி நேரம் உயிர் இருந்தது. ஒருமுறை என் கையை நக்கியது. ஐயோ, எந்தக் கையை நக்குகிறோம் என்று அதற்குத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"குடல்ல ஏதோ வியாதியாம். ரொம்ப நாளாவே இருந்திருக்குதாம். நாம என்ன பண்ணியிருந்தாலும் பொழச்சிருக்காதாம்."

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்குத் தட்டுத் தடுமாறாமல் வந்தது. அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "சரி மாமா. வூட்டுக்கு எடுத்துக்கினு போலாம்" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் புதைத்தோம். அதன்பிறகு எனக்கு ஒரே எண்ணம்தான். இது மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது. பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல் ஊட்டியவள், தான் ஊட்டியது விஷம் என்று தெரிந்தால் பிழைக்க மாட்டாள். மகளிடம்கூட மூச்சு விடவில்லை. காலையில் அவள் எழும்போது நானே தோளைக் கொடுத்தேன். என்றைக்கும் இல்லாத பொறுமையோடு நின்றேன். நான்கைந்து மாதம் அப்படிப் போனது.

மழை பிடித்து உப்பளத்தில் வேலை நின்றுபோயிருந்த ஒரு காலை. அவளால் புரண்டுகூடப் படுக்க முடியவில்லை. மாத்திரை எடுக்கப் போனேன். அட்டை காலி. எங்கே என்று கேட்டேன்.

"பக்கத்து வூட்டு அக்கா முட்டி வலின்னு வந்துச்சு. குடுத்துட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். "குடு! ஊருக்கெல்லாம் தானம் பண்ணு! நாயிக்குக் குடுத்தியே, என்னாச்சு? உன் மாத்திரைதான்டி அத்தக் கொன்னுச்சு!"

வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அவள் அலறுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். நான் தோள் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"தெரியும் மாமா. டாக்டரம்மா உன்கிட்ட பேசினது வெளிய எனக்கும் கேட்டுச்சு."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"நீ வெளிய வந்து எனக்காகப் பொய் சொன்ன. உனக்குப் பொய்யே வராது. இந்த மனுஷனுக்கு எம்மேல இவ்ளோ பாசமான்னு இருந்துச்சு. அத நெனச்சிக்கினுதான் தெனம் எழுந்து உக்காந்தேன். இன்னிக்கு நீயே சொல்லிட்ட."

வாயைப் பிடித்தவன் நான், உன்னோடு சேர்ந்து நானும்தான் கொன்றேன் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கத்துவதற்கு வந்த வாய் அதற்கு வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மாத்திரை வாங்கக் கிளம்பிவிட்டேன்.

அவள் என்னோடு சண்டை போடவில்லை. பேசுகிறாள், சோறு போடுகிறாள், மாத்திரை கொடுத்தால் வாங்கி விழுங்குகிறாள். எங்கே வலிக்கிறது என்று மட்டும் என்னிடம் சொல்வதில்லை. மகள் போன் பண்ணினால் அவளிடம் சொல்கிறாள். நான் பக்கத்தில் போனதும் பேச்சை மாற்றிவிடுகிறாள். "இன்னிக்கு எப்படி இருக்குது?" என்று நானாகக் கேட்டுப் பார்க்கிறேன்.

"ஒண்ணுமில்ல. நீ வேலைக்குக் கெளம்பு" என்கிறாள்.