பரணில் இருந்த கம்பி

நனைந்த தோல்வாரின் வாடையோடு இயந்திர எண்ணெயின் வாடையும் கலந்து வந்தால் என் கை இன்றும் தானாக இடது முழங்காலுக்குப் போகும். புனேக்கு அருகே நிக்டியில் நாங்கள் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டில், ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டதும், எந்தத் துணியும் காயாமல் சுவரெல்லாம் ஓதம் ஏறி நிற்கையில், அந்த வாடைதான் கட்டிலடியிலிருந்து கிளம்பி வீடு முழுக்கப் பரவும். அது என் இடது காலில் மாட்டும் "கம்பி"யின் வாடை. மருத்துவமனையில் அதற்குக் காலிப்பர் என்று பெயர். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இரண்டு பக்கமும் எஃகுச் சட்டம், தொடையிலும் முழங்காலிலும் கெண்டைக்காலிலும் தோல்வார்கள், கீழே ஒரு கனத்த பூட்ஸ். காலை நீட்டி எழுந்து நின்று, முழங்காலருகே உள்ள வளையத்தைக் கீழே தள்ளினால் "டக்" என்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் அடியெடுத்து வைப்பேன். கேட்காமல் வைத்தால் கால் மடங்கும், நான் தரையில் கிடப்பேன்.

நடக்கப் பழகிக்கொண்டிருந்த வயதில் காய்ச்சல் வந்து கால் சூம்பிப் போனது என்று சொல்வார்கள், எனக்கு நினைவில்லை. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை கிடைத்ததும் புனேக்கு வந்தவர்கள், வந்த இடத்தில் மராத்தியும் இந்தியும் தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டு, ஜெபத்தை மட்டும் தமிழில் வைத்துக்கொண்டார்கள். தினமும் காலையில் அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எனக்குக் கம்பி மாட்டிவிடுவாள். கடைசி வாரை இழுத்துக் கட்டும்போது தலையைக் குனிந்து, "ஆண்டவரே, இன்னைக்குப் பிள்ள விழாம பாத்துக்கிடும்" என்பாள். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. விழுந்த நாட்களில், ஆண்டவருக்கு வேறு வேலை வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்குப் பதினோரு வயதான அந்த ஜூனில், பள்ளி திறக்கும் முன்பு, புனே நகரில் கேம்ப் என்னும் பகுதியில் எங்கள் தமிழ் ஆராதனை நடக்கும் பழைய கல் கோயிலுக்கு ஊரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். மூன்று நாள் உபவாசக் கூட்டம். பெரிய குரல், வேர்த்து வழியும் முகம், கையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. கடைசி நாள், நோயாளிகள் முன்னால் வரலாம் என்றபோது அம்மா என்னை எழுப்பி அழைத்துப்போனாள். அவர் என் தலையில் கைவைத்து உரக்க ஜெபித்தார். பிறகு குனிந்து கம்பியைப் பார்த்து, "இதக் கழத்துங்க" என்றார். யார் யாரோ வார்களை அவிழ்த்தார்கள். "நட மகளே" என்றார்.

நான் நடந்தேன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். உண்மையில் ஜெபக்குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கமாக என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப்போனார்கள்; என் கட்டைவிரல் நுனி தரையைத் தடவிக்கொண்டு போனது, அவ்வளவுதான். அவர்கள் ஏமாற்றவில்லை. கண்ணீர் வழிய, தாங்கள் தூக்குவது தங்களுக்கே தெரியாமல் தூக்கினார்கள். பின்னாலிருந்து பார்த்த அம்மாவுக்கு என் கால்கள் மாறி மாறிப் போவது மட்டும் தெரிந்தது. கோயிலே "ஸ்தோத்திரம்" என்று அதிர்ந்தது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தச் சத்தத்தில் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சுகம் கிடைத்தவர்கள் அடுத்த ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையிலிருந்து முன்னால் நடந்து வந்து சாட்சி சொல்ல வேண்டும். "அடுத்த வாரம் தங்கச்சி சாட்சி சொல்லும்" என்று அறிவித்துவிட்டு, பிரசங்கியார் அன்று மாலையே அடுத்த ஊருக்கு ரயிலேறிப் போய்விட்டார். போகும் முன் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: சந்தேகம் வந்தால் கிடைத்த சுகம் கைநழுவிப் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கம்பியை ஒரு பழைய சேலையில் சுற்றி, ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் வைத்தாள். "இனி அதப் போட்டா அவிசுவாசம்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த ஒளியைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது.

அந்த வாரம் முழுக்க வெளியே மழை, உள்ளே நான். சுவரைப் பிடித்துக்கொண்டு, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எதுவும் அகப்படாத இடத்தில் இடது கையைத் தொடையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, படுக்கைக்கும் சமையலறைக்கும் நடுவில் போய் வந்தேன். அம்மா பார்க்காதபோது உட்கார்ந்து நகர்ந்தேன். கீழ்வீட்டு மராத்திக்கார அம்மாள், நாங்கள் "காகூ" என்று கூப்பிடுபவர், என் காலைப் பார்த்துவிட்டு "பட்டா குடே கேலா?" என்றார், பட்டை எங்கே போயிற்று என்று. "தேவானே பர கேல" என்றாள் அம்மா. கடவுள் சுகமாக்கிவிட்டார் என்று சொல்லுமளவுக்கு அவளுக்கு மராத்தி வந்திருந்தது. காகூ என் கையையும் அது அழுத்திக்கொண்டிருந்த தொடையையும் பார்த்தார். படியிறங்கிப் போனார்.

விழுவதற்கு நான் பயப்படவில்லை. விழுந்து விழுந்து எனக்கு அது பழக்கம்தான். நான் பயந்தது என் நினைப்புக்கு. விழுந்துவிடுவேன் என்று நினைக்கக் கூடாது, நினைத்தால் அது சந்தேகம், சந்தேகப்பட்டால் கால் போய்விடும். நினைக்காதே என்று எனக்கு நானே சொல்லும்போதே நினைத்துவிடுவேன். ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் என் காலை நானே முறித்துக்கொள்கிறேன் என்று நடுங்குவேன். மேலே ஒருவர் என் மண்டைக்குள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார், கணக்கு வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் அதைத் தீர்க்கப்போகிறார் என்று தோன்றியது. அதுவரை எனக்கு ஆண்டவர் என்றால் அம்மாவின் ஜெபத்தில் வரும், கொஞ்சம் மறதியுள்ள, நல்ல மனிதர். அந்த வாரத்தில்தான் அவரைக் கண்டு பயப்படக் கற்றுக்கொண்டேன்.

சாட்சியை அம்மா எனக்கு வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தாள். எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், அதனால் வரி வரியாகச் சொல்லி வாங்கினாள். "ஆண்டவர் என் காலைச் சுகமாக்கினார்" என்று ஆரம்பிக்கும். அந்த முதல் வரியில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "என்னட்டி, சத்தமா சொல்லு. பயப்படாத, கேட்டியா" என்பாள். பயப்படாதே என்று அவள் சொல்லச் சொல்ல, பயப்படுவதும் ஒரு பாவமாகச் சேர்ந்துகொண்டது.

அப்பாவுக்கு அந்த வாரம் இரவு வேலை. தளேகாவிலிருந்து காலை லோக்கல் ரயிலில் வந்து, நனைந்த சட்டையை மாற்றிக்கொண்டு தூங்கிவிடுவார். பேச்சு குறைந்த மனிதர். கோயிலில்கூடப் பாட்டுக்கு உதடு மட்டும் அசையும். ஒரு நாள் காலை அம்மா காய் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது எனக்கு அந்த வாடை வந்தது. தவழ்ந்து போய்ப் பார்த்தேன். அப்பா ஸ்டூல் மேல் நின்றபடி, பரணிலிருந்த கம்பியைப் பாதி வெளியே இழுத்து, அதன் மூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வளையத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். டக். என் உடம்பு முழுக்க அந்தச் சத்தத்துக்கு ஏங்கியது.

"திரும்பப் போடணுமாப்பா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "மழைக்காலம்லா, துரு ஏறிரும்" என்றார். துணியால் துடைத்து, சேலையில் முன்போலவே சுற்றி உள்ளே தள்ளிவிட்டு இறங்கினார். அவர் நம்பினாரா நம்பவில்லையா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் அன்று மதியம் நான் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு வந்தது. ஆகுர்டி ஸ்டேஷன் மேம்பாலத்தில் அப்பா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினார், பதினோரு வயதுப் பெண்ணை. அவருடைய மறு தோளில் ஒரு கட்டம்போட்ட பை தொங்கியது. அம்மா கிறிஸ்மஸுக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். பையில் என்ன என்று அவள் கேட்கவில்லை. லோக்கலில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவை நிற்காமல் அசைந்துகொண்டிருந்தன. அவளும் என்னைப் போலவே பயந்திருந்தாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

கோயில் வாசலில் குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. உள்ளே வந்தவர்களின் கால் ஈரம் நடுப்பாதை நெடுகிலும் இருந்தது. பாட்டு முடிந்ததும் போதகர் என் பெயரைக் கூப்பிட்டார். கடைசி வரிசையில் பெஞ்சைப் பிடித்து எழுந்தேன். கை பெஞ்சை விட்டது. தொடையில் கையை அழுத்திக்கொண்டு ஓரடி வைத்தேன், இன்னொன்று வைத்தேன். இரண்டு பக்கமும் முகங்கள் திரும்பிச் சிரித்தன. நினைக்காதே, நினைக்காதே என்று சொல்லிக்கொண்டே போனேன். பாதி வழியில் உள்ளங்கால் ஈரத்தில் வழுக்கியது, முழங்கால் மடங்கியது. முகவாய் கல்தரையில் மோதியது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

யாரோ ஒருவர் எழப்போனார். அப்போது சபை மூப்பர் ஒருவரின் குரல் கேட்டது: "யாரும் தொடாதீங்க. விசுவாசத்துல அவளே எழும்பட்டும்."

நான் தரையிலேயே கிடந்தேன். கணக்கு தீர்க்கப்பட்டுவிட்டது, அம்மாவின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. அப்போது பின்னாலிருந்து வேகமான காலடிச் சத்தம் வந்தது. அம்மா என்னிடம் வரவில்லை. நேராக அப்பாவிடம் போய் அந்தப் பையை வாங்கினாள். பிறகு வந்து, அந்தக் கிறிஸ்மஸ் சேலையோடு ஈரத்தரையில், நடுப்பாதையில், சபை முழுக்கப் பார்த்திருக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என் முகவாய் இரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். பையிலிருந்து கம்பியை எடுத்துப் பூட்ஸை மாட்டினாள். வார்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டினாள். கொக்கி இரண்டு தடவை நழுவியது. கடைசி வாருக்கு வந்ததும் வழக்கம்போலத் தலையைக் குனிந்தாள்.

"ஆண்டவரே, இன்னைக்குப் பிள்ள" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். அந்த வாரை இழுத்துக் கட்டினாள். "பிள்ள விழுந்துட்டு ஆண்டவரே. நீர் பக்கத்துலதான் இருந்தீர். இனி விழும்போதும் இரும்."

என்னைத் தூக்கி நிறுத்தினாள். நான் வளையத்தைத் தள்ளினேன். அந்தக் கல் கோயிலில் "டக்" என்பது கடைசி மூலைவரை கேட்டிருக்கும்.

முன்னால் போய் நின்றேன். வாய்ப்பாடம் செய்ததில் ஒரு வரியும் உதவாது. "எனக்குக் கால் சுகமாகல. கீழ விழுந்துட்டேன். அம்மா வந்தாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், சாட்சியை முடிப்பவர்கள் சொல்லும் "ஸ்தோத்திரம்" என்பதையும் சொன்னேன். அதற்குச் சபை பதில் சொல்ல வேண்டும், யாரும் சொல்லவில்லை. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், பழக்கமில்லாத, கரகரத்த குரல், "ஸ்தோத்திரம்" என்றது. அப்பா. அதன் பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள்.

பயம் அன்றோடு போய்விட்டது என்று எழுதினால் பொய். வழுக்கும் தரையைக் கண்டால் இன்றும் பயம்தான். ஆனால் மேலே உட்கார்ந்து கணக்கு வைப்பவரைக் கண்டு பயந்தேனே, அந்தப் பயம் போனது. விழுந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவர் என்று அம்மா ஒருவரைக் காட்டித்தந்தாள். இத்தனை வருஷமும் வேலைக்குப் போனதும், புனேயின் மழைக்காலங்களைக் கடந்ததும், அப்பாவை அடக்கம் செய்த அன்று குழிமேட்டின் ஈரமண்ணில் நின்றதும் அவரை நம்பித்தான். மறுநாளிலிருந்து அம்மாவின் காலை ஜெபமும் மாறிவிட்டது. "விழாம பாத்துக்கிடும்" போய், "கூட இரும்" என்று ஆனது.

இப்போது நான் போடும் காலிப்பர் பிளாஸ்டிக். ஒட்டிப் பிரிக்கும் பட்டை. தோல் இல்லை, கொக்கி இல்லை, எண்ணெய் தேவையில்லை. மழைக்காலத்தில் வீட்டில் எந்த வாடையும் இல்லை. எங்கள் கோயிலில் பாட்டு வரிகள் திரையில் ஓடுகின்றன. கணினி வேலைக்கு வந்த இளம் குடும்பங்கள் நிறைய, அந்த ஞாயிற்றைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். என்னோடு இருக்கும் அம்மாவுக்கு விரல்கள் முடங்கிவிட்டன. பட்டையை நானேதான் ஒட்டிக்கொள்கிறேன்.

சென்ற மாதம் மருத்துவர், இத்தனை காலம் பாரம் சுமந்த வலது காலும் தளர்ந்து வருகிறது என்றார். இனிச் சக்கர நாற்காலிதான். பழைய பயம் திரும்ப வந்தது. நாற்காலி வீட்டுக்கு வந்தபோது, என்னைவிட அம்மாவை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். முதல் சாரல் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. அவள் நாற்காலியை ஒரு சுற்று சுற்றிவந்தாள். முடங்கிய விரலால் சக்கரத்தின் அச்சைத் தொட்டுப் பார்த்தாள். எங்கே அழுவாளோ, மறுபடியும் சுகம் கேட்டு ஜெபிக்கத் தொடங்குவாளோ என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பாவோட எண்ணெய்க் குப்பிய எங்கட்டி வச்ச?" என்றாள். "மழைக்காலம்லா, துரு ஏறிரும்."

அந்தக் குப்பி வீடு மாறியபோதே தொலைந்துவிட்டது. புதிது வாங்கி வருகிறேன் என்று சொல்லி, நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன்.